புதன்கிழமைக் கட்டம்

ஸ்ரீலேகாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: புதன்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை சோனோகிராபி அறை. அதைப் பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் தன் பொறுப்பில் இருக்கிற துறையில், தன் கையாலேயே போடுகிற டியூட்டி அட்டவணையில்.

செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ரேடியாலஜி பிரிவுக்கு அவள்தான் தலைவி. வயது நாற்பத்தொன்பது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை டெக்னீஷியன்கள் எடுப்பார்கள். அந்தப் படங்களைப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவள் உட்காரும் அறையில் ஜன்னல் கிடையாது. திரைகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதால் விளக்கும் அரைகுறை. நோயாளிகள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. ரிப்போர்ட்டின் அடியில் இருக்கிற பெயரைத் தவிர அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது.

சோனோகிராபி, அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அப்படியில்லை. அங்கே மருத்துவரேதான் கருவியைக் கையில் பிடிக்க வேண்டும். வயிற்றில் ஜெல் தடவ வேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், "இங்க வலிக்கறதா?" என்று கேட்க வேண்டும். ஸ்ரீலேகா ரேடியாலஜி படித்ததே அந்த அறைக்காகத்தான். ஜெல் பாட்டிலை ஒரு மக் வெந்நீரில் நிறுத்திவைத்து, அது வெதுவெதுப்பான பிறகுதான் தடவுவாள். அப்படியெல்லாம் செய்யச் சொல்லி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜில்லென்று பட்டதும் பெண்கள் வயிற்றை எக்கிக்கொள்வதைப் பார்த்து அவளாகப் பழகிக்கொண்டது.

மாட்டுங்காவில் நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் வளர்ந்தவர்கள். ஏழாவது வரை தமிழில் படித்தோம், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில். நான் நாட்டை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவள் மாட்டுங்காவை விட்டு நகரவில்லை. சாயங்காலம் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி ஏறியதும் என்னைக் கூப்பிடுவாள். எனக்கு இங்கே காபி நேரம். பின்னணியில் அடுத்த ஸ்டேஷன் பெயரை மூன்று பாஷையில் சொல்லும் குரல் வரும். திலக் நகர், குர்லா, சுனாபட்டி. அது முடிகிறவரை நான் பேசமாட்டேன். அவளும் பேசமாட்டாள். பிறகு, "கேட்டாச்சோல்லியோ? மேல சொல்லட்டுமா?" என்பாள்.

அப்படி ரயிலில் சொன்னவைதான் இதெல்லாம்.

ஆறு வருடத்துக்கு முன் அவளைத் தலைவியாக்கியபோது அந்தப் பிரிவில் ஏழு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் துபாய் போனார். ஒருத்தி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனாள். இன்னொருவர் வாஷியில் தன் ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடியே வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் படங்களைப் படிக்கிறார். மேஜைக்குப் பக்கத்து ஜன்னலையும் அதில் தெரிகிற கடல் கழியையும் படமெடுத்து, 'இங்கே இடம் இருக்கிறது' என்று அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். நாலாமவர் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடப் போனவர், திரும்பி வரவேயில்லை. மறுநாள் ஒரு மெயில் வந்தது, அதில் இரண்டே வரி. மீதி இருந்தது மூன்று பேர்: ஸ்ரீலேகா, மாதவ், பிரசவ விடுப்பில் இருந்த ராபியா. ஆக, இரண்டு பேர்.

இதற்கு நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் தன் அம்மா பெயரில் புது சி.டி. இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். மாலை, ரிப்பன், பேடா எல்லாம் ஆயிற்று. படங்கள் இரண்டு மடங்காயின. படிக்கிறவர்கள் மட்டும் இரண்டு மடங்காகவில்லை. அவள் சோனோகிராபி அறையை விட்டது அப்போதுதான். ஒரு நோயாளிக்கு அங்கே கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் கால் மணியில் அவள் மூன்று சி.டி. முடித்துவிடுவாள். பிரிவிலேயே அதிவேகக்காரி என்பதுதான் அவள் செய்த குற்றம்.

சோனோகிராபி மாதவின் தலையில் விழுந்தது. செம்பூர்ப் பையன்தான், முப்பத்தைந்து வயது. ஒரு நாளைக்கு ஐம்பது வயிறு பார்ப்பான். வலது தோளில் பட்டை மாட்டிக்கொண்டு வருவான். அவனுக்கு சி.டி.மேல் ஆசை.

"மேடம், நீங்க இந்த ரூமுக்காக அழறேள், நான் அந்த ரூமுக்காக அழறேன். எக்ஸ்சேஞ்ச் பண்ணிண்டா ரெண்டு பேரும் குஷி. கிஸ்ஸா கதம், கதை முடிஞ்சுது."

"உன் ஸ்பீடுக்கு சி.டி. லிஸ்ட் மறுநாள் காலைலதான்டா முடியும்."

"முடியட்டுமே. யார் சாகப்போறா?"

"அதைத்தான் பார்க்கணும், யார்னு."

அவனும் போய்விடுவானோ என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். அவன் லீவு கேட்டு அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. அவன் ஞாயிறுகளைத் தன் பெயரில் மாற்றிக்கொள்வாள். தலைவி என்றால் மற்றவர்கள் ஓடாதபடிக்குத் தான் தேய்வது என்று எப்போதோ மனதில் பதித்துவிட்டாள்.

நிர்வாகி வந்தனாவிடம் புதன்கிழமையைக் கேட்டாள். வந்தனாவும் நம்மவள்தான், செம்பூரில் வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. "அடுத்த குவார்ட்டர் பண்ணலாம், ஸ்ரீலேகா. புது டாக்டர் ஜாயின் பண்ணட்டும்" என்றாள். புது டாக்டருக்கான விளம்பரம் பதினோரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுடுடீ" என்று நான் சொன்னேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அதுதான் சுலபமாக வாயில் வரும். "வாஷிக்காரர்ட்ட சொல்லு. ஜன்னலாவது கிடைக்கும்."

"ஜன்னல் கிடைக்கும். வயிறு கிடைக்குமோ?" என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. வாஷிக்குப் போனால் வாழ்நாளுக்கும் திரை மட்டும்தான். இங்கே இருந்தாலோ, அந்த அறைக் கதவாவது கண்ணில் படும். யார் யார் அந்தக் கருவியைப் பிடிக்கலாம் என்று சுவரில் மாட்டியிருந்த அரசாங்கப் பதிவுச் சான்றில் முதல் பெயர் இன்னும் அவளுடையதுதான்.

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, யாரும் வராத அந்த இருட்டறையின் வாசலில் சத்தம் கேட்டது. வரவேற்பில் இருக்கும் கோகிலவாணி யாரையோ தடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரிப்போர்ட்ல டவுட்னா உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும். இங்க பேஷண்ட் அலவ்ட் இல்ல."

"எழுதுனவுகளத்தான் கேப்பேன். பேரு போட்டிருக்குல்லா? பேரு போட்டா ஆளு இருக்கணும்."

உள்ளே வந்த பெண்ணுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதிருக்கும். பெயர் கலைச்செல்வி. தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, நூல் பிசிறு வெட்டி, 'சரி பார்த்தது' என்று சீட்டு ஒட்டி அனுப்புகிற வேலை. மூன்று வாரமாக வயிற்று வலி. டாக்டர் முதலில் சோனோகிராபிக்குத்தான் எழுதினார். அதற்கு ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. புது சி.டி.யில் மறுநாளே இடம் இருந்தது. ஆகவே சி.டி. எடுத்தார்கள்.

கையிலிருந்த தாளை அவள் நீட்டினாள்.

"எம் மவ காலேஜ் படிக்கா. அவதான் படிச்சுச் சொன்னா. பித்தப்பை நல்லா இருக்குன்னு எழுதியிருக்கியளாம். யம்மா, ஒனக்குத் திரும்ப மொளச்சிருக்குங்கா. சிரிக்கா அவ."

ஸ்ரீலேகா தாளை வாங்கிப் பார்த்தாள். பித்தப்பை: இயல்பு. கீழே அவள் கையெழுத்து. முந்தின நாள், நூற்று நாலாவது ரிப்போர்ட்.

"உங்களுக்கு அதை எடுத்தாச்சா?"

"நாலு வருசம் ஆச்சு எடுத்து. கல்லு இருக்குன்னு சொன்னதே நீங்கதானம்மா! வெந்நீர்ல பாட்டில வச்சுத் தடவுன டாக்டரம்மா நீங்கதான? கொரல வச்சே கண்டுக்கிட்டேன்."

ஸ்ரீலேகாவுக்கு அந்த முகம் நினைவில் இல்லை. ஆனால் படத்தைத் திறந்ததும் எல்லாம் தெரிந்தது. பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் அறுவைக் கிளிப்புகள் நாலு, வெள்ளையாக மின்னின. முந்தின நாளும் அவற்றைப் பார்த்திருக்கிறாள். பார்த்த நினைவுகூட இருந்தது.

"பாக்காம எழுதிட்டியளோ?" என்றாள் கலைச்செல்வி. கோபம் போய் குரலில் பயம் ஏறியிருந்தது.

"பார்த்தேன். ஆனா ஏற்கெனவே எழுதியிருந்ததை அழிக்கலை."

அவள் விளக்கினாள். ஒவ்வொரு வார்த்தையாக எழுத நேரம் இல்லை என்பதால், எல்லாம் இயல்பு என்று முழு ரிப்போர்ட்டும் முன்கூட்டியே திரையில் வந்து நிற்கும். கல்லீரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, சிறுநீரகம் இயல்பு. எது சரியில்லையோ அதை மட்டும் மாற்றினால் போதும். மாற்ற மறந்தால், எடுத்துப் போட்ட உறுப்பும் இயல்பாகவே இருந்துகொண்டிருக்கும்.

கலைச்செல்வி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"அப்ப எங்க பட்டறையிலயும் சீட்ட மொதல்லயே ஒட்டிட்டுப் பெறவு சட்டையப் பாத்தா சரியா இருக்கும்லா?" என்றாள். "பட்டன் இல்லாத சட்டை போயிருச்சுன்னா சேட்டு மூஞ்சில வீசுவான்."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத புள்ள. நான் சிரிக்கவா வந்தேன்? இல்லாதது நல்லா இருக்குன்னா, இருக்கது நல்லா இருக்குன்னு நான் எப்பிடி நம்புவேன்? வலி இன்னும் இருக்குல்லா?"

ஸ்ரீலேகா திரைப் பக்கம் திரும்பினாள். படத்தை மேலிருந்து கீழாக, முதன்முறை பார்ப்பதுபோல், ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தாள். கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்கும் பித்தக் குழாய் கொஞ்சம் அகன்றிருந்தது. பித்தப்பை எடுத்தவர்களுக்கு அது சகஜம்தான். ஆனால் அதன் கடைசி முனை தெளிவாக இல்லை. சில கற்கள் சி.டி.யில் தெரியவே தெரியாது.

"காலைல சாப்ட்டேளா?"

"எங்க சாப்பிட? கோவத்துல ஒரு வா டீகூடக் குடிக்கல."

"நல்லது. வாங்கோ என்னோட."

சோனோகிராபி அறையில் மாதவ் ஒரு நோயாளியை முடித்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஸ்ரீலேகாவின் கையில் வெந்நீர் மக்கைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எழுந்து நாற்காலியை விட்டான். "வெளில இருபத்தாறு பேர் இருக்கா. அங்க உங்க லிஸ்ட்ல முப்பத்தொண்ணு" என்று மட்டும் சொன்னான்.

"நீ போய் அதை ஆரம்பி."

"சி.டி.யா? நானா?" அவன் முகம் மலர்ந்ததை அவள் அப்புறம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். எக்ஸாமில் பாஸான மாதிரி ஓடினானாம்.

அவள் ஜெல்லை வெந்நீரில் நிறுத்தினாள். இரண்டு நிமிடம் காத்திருந்தாள். அந்த இரண்டு நிமிடத்தில் கலைச்செல்வி கேட்டாள்:

"ஒரு நாளைக்கு எத்தன பாப்பிய?"

"நேத்து நூத்திப் பதினொண்ணு. எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து."

"எங்க மேஸ்திரி நூறு சட்டைக்கு ஒருக்க எந்திரிச்சு வெளிய போங்கான். நம்ம மேல பாசமெல்லாம் ஒண்ணும் கெடையாது. அதுக்கு மேல கண்ணுதான் பாக்கும், ஆளு பாக்காதுன்னு அவனுக்குத் தெரியும். ஒங்க மேஸ்திரி யாரு?"

"நான்தான்."

கலைச்செல்வி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "நல்ல மேஸ்திரி" என்றாள்.

கருவியை வைத்தபோது வலது கை தானாகவே அதன் இடத்தைக் கண்டுபிடித்தது. கல்லீரல், ரத்த நாளங்கள், பித்தக் குழாய். கடைசி முனையைக் குடலிலிருந்த காற்று மறைத்தது. எழுந்து உட்காரச் சொன்னாள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பினாள். போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. பதினெட்டாவது நிமிடத்தில் காற்று விலகி, தண்ணீருக்குப் பின்னால் குழாயின் முனை தெரிந்தது. அதில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி, பின்னால் கருப்பாக ஒரு நிழல். ஏழு மில்லிமீட்டர்.

"இருக்கு. ஒரு கல் குழாயில மாட்டிண்டிருக்கு. உங்க வலி இதுதான். வாய் வழியா ட்யூப் விட்டே எடுத்துடலாம், வயத்தைக் கிழிக்க வேண்டாம்."

"வேற ஒண்ணும்?"

"வேற ஒண்ணும் இல்லை. இந்தத் தடவை நானே பார்த்து, நானே சொல்றேன்."

கலைச்செல்வி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து போகும்போது மக்கைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறிட்டு" என்றாள்.

அன்று சாயங்காலமும் ஸ்ரீலேகா ரயிலிலிருந்து கூப்பிட்டாள். ஸ்டேஷன் பெயர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. கடைசியில், "தப்புப் பண்ணின நாள்டீ இன்னிக்கு. ஆனா ஆறு வருஷத்துல இவ்வளவு சந்தோஷமா நான் வீட்டுக்குப் போனதில்லை. இதை யார்ட்ட சொல்றது?" என்றாள். வண்டி ஜி.டி.பி. நகர் வந்துவிட்டது, இறங்க வேண்டும் என்றாள். வைக்கவில்லை. படிகளில் அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ரிப்போர்ட்டின் கீழே அவள் திருத்தம் எழுதினாள். பிழை தன்னுடையது என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டாள். பிறகு அதை வந்தனாவிடமும் கொண்டுபோனாள்.

வந்தனா கெட்டவள் இல்லை. முழுவதும் கேட்டாள். "ஐ.டி.கிட்ட சொல்லி ஒரு டிக் பாக்ஸ் போட்டுடலாம். பித்தப்பை இருக்கா இல்லையான்னு டிக் பண்ணாம சைன் பண்ண முடியாது."

"டிக் பண்றதும் நான்தானே, வந்தனா? நூத்திப் பதினோராவது தடவையும் நான்தான்."

"வேற நான் என்ன பண்ணட்டும்? ரிப்போர்ட் லேட்டானா டிரஸ்டீஸ் மீட்டிங்ல ஸ்க்ரீன் ஃபுல்லா ரெட். எனக்கும் மேல ஆள் இருக்கு."

"எனக்கு மேல நீ. எனக்குக் கீழ மாதவ். பட்டறைல ஒரு மேஸ்திரி இருக்காராம், நூறுக்கு ஒரு தடவை எழுந்து போகச் சொல்வாராம்."

"எந்தப் பட்டறை?"

"தாராவில. உனக்குத் தெரியாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தான் இத்தனை நாள் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு உறைத்ததாம். அட்டவணை போடுவது வந்தனா இல்லை. டிரஸ்டிகளும் இல்லை. ஒவ்வொரு மாதமும் இருபத்தெட்டாம் தேதி, கட்டம் கட்டமாகப் பெயர்களை நிரப்புவது அவள்தான். எல்லோருக்கும் அவர்கள் கேட்டதைப் போட்டுவிட்டு, மிச்சமாகும் கட்டங்களில் தன் பெயரைப் போடுவாள். புதன்கிழமை காலை, சோனோகிராபி என்ற கட்டத்தில் தன் பெயரை எழுத யாரும் அனுமதி தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"மார்ச் அட்டவணைல என் பேரைப் போடப்போறேன். புதன் காலை. அந்த நாலு மணி நேரம் மாதவ் சி.டி. பார்ப்பான். அவசரம் தவிர மத்த ரிப்போர்ட் அன்னிக்கு லேட்டாகும். ஸ்க்ரீன் ரெட்டாகும். நூறுக்கு மேல நாங்க ரெண்டு பேருமே சைன் பண்ண மாட்டோம், மறுநாள்தான்."

வந்தனா பேனாவை மூடித் திறந்தாள். "அந்த ஷீட்டை நான் மாசக் கடைசிலதான் ஓப்பன் பண்ணுவேன்" என்றாள். அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் முதல் புதன், அவள் ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பே மக்கை நிரப்பி வைத்தாள். ஐந்து பேரைப் பார்த்தாள். ஆறாவது பெண் படுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாதம் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலை சி.டி. அதைப் படித்து மாதவ் தனியாக முடிவு சொல்லத் தயங்கினான். அவள் போனாள், திரும்பி வரும்போது மணி ஒன்றேகால். இரண்டாவது புதன் மாதவுக்குத் தோள் வலி, லீவு. அட்டவணையில் தன் பெயரை அடித்துவிட்டு சி.டி. அறைக்குள் போனாள். ஸ்க்ரீனில் சிவப்பு வந்ததாகவும், வந்தனா மீட்டிங்கில் ஏதோ சொல்லிச் சமாளித்ததாகவும் கோகிலவாணிதான் வந்து சொன்னாள்.

"அப்ப என்னத்துக்குடீ இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேர்" என்றாள் ஸ்ரீலேகா. "அஞ்சு பேரைத் தொட்டேன்." அந்த ஐந்து பேரையும் ஒவ்வொருவராகச் சொன்னாள். யாருக்கு எந்த ஊர், யார் வயிற்றில் கூச்சம், யார் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். நூற்றுப் பதினோரு ரிப்போர்ட்டில் ஒன்றையும் அவள் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

நேற்று, திங்கட்கிழமை, கூப்பிட்டபோது ரயில் சத்தம் இல்லை. இன்னும் அந்த இருட்டறையில்தான் இருந்தாள். லிஸ்ட்டில் பதினாறு பாக்கி என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜைப் போன் அடித்தது. கோகிலவாணியின் குரல் எனக்கும் கேட்டது.

"மேடம், அந்த சட்டைச் செக்கிங் அக்கா வந்திருக்காங்க. கல் எடுத்தாச்சாம். திரும்ப ஒருவாட்டி சோனோகிராபி பாக்கச் சொல்லி எழுதியிருக்கு. மாதவ் சார் பாக்குறேன்னு சொன்னார், இவங்க மாட்டேங்குறாங்க. வெந்நீர் டாக்டர்தான் வேணுமாம். க்யா போலூ? என்ன சொல்லட்டும்?"

திரையில் பதினாறு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்திருப்பார்கள்.

"புதன்கிழமை வரச் சொல்லு" என்றாள் ஸ்ரீலேகா. "வெறும் வயத்தோட, ஒன்பது மணிக்கு. நான் இருப்பேன்."

பிறகு என்னிடம், மெதுவாக, "இருப்பேனோல்லியோ?" என்று கேட்டாள்.